தண்ணீர்மலைக் கல்லுக்குள் ஒரு துளி

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் செல்கிறோம். பக்கத்தில் அருவி இருப்பதால் அந்த மலைக்கு அப்பெயர். ஆனால், தண்ணீர் அருவியில் மட்டுமல்ல, மலையின் கல்லுக்குள்ளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா, மாணவர்களே?

பினாங்குத் தீவின் மலைகள் கிரானைட் பாறையால் ஆனவை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவானது அது. அதில் கண்ணாடித் துண்டுபோல் மின்னும் மணிகள்தாம் குவார்ட்ஸ். அவை வளரும்போது சுற்றியிருந்த குழம்பையும் உப்புக் கலந்த வெந்நீரையும் துளித்துளியாக உள்ளே சிறைப்பிடித்தன. பெரும்பாலான துளிகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை.

அந்தத் துளியே ஒரு வெப்பமானி. பாறை குளிரும்போது, குவார்ட்ஸைவிட உள்ளிருக்கும் நீர் அதிகமாகச் சுருங்கும்; அந்த இடைவெளியில் ஒரு குமிழ் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் கல்லை மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியின் கீழ் சூடேற்றினால் குமிழ் சுருங்கி மறையும். துளி சிறைப்பட்டபோது வெப்பம் குறைந்தது அந்த அளவாவது இருந்திருக்க வேண்டும். அதே துளியை உறைய வைத்து, பனிக்கட்டி கடைசியாக எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்த்தால் உப்பின் அளவு தெரியும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. சில துளிகளுக்குள் உப்புப் படிகமே சதுரமாக நிற்கும். அங்கே உப்பு 26 விழுக்காட்டுக்கும் மேல்!

இது நம் நாட்டின் வரலாற்றோடும் தொடர்புடையது. இத்தகைய உப்பு வெந்நீர்தான் கிரானைட்டிலிருந்து ஈயத்தைச் சுமந்து சென்று விரிசல்களில் படிய வைத்தது. அதுவே கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களாயிற்று. ஜார்ஜ்டவுன் டத்தோ கிராமாட் சாலையில் ஈயம் உருக்கும் ஆலையாயிற்று. ஒரு காலத்தில் உலகிலேயே அதிக ஈயம் தந்த நாடு நம்முடையது.

இந்தத் துறைக்கு 1858-இல் வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. மலையை நுண்ணோக்கியால் ஆராய்வதா என்று கேலி பேசினார்கள். அவரோ கிரானைட்டில் குழம்புத் துளி, நீர்த் துளி இரண்டையும் கண்டு, அது உருவானதில் நெருப்புக்கும் நீருக்கும் பங்குண்டு என்று காட்டினார்.

நாம் என்ன செய்கிறோம்? ‘கிரானைட் ஒரு தீப்பாறை’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பேசும் நம் வீடுகளில் நிலவியல் என்ற சொல் எழுவதே அரிது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கலாம். நம் பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் இருக்கிறது.

2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா மண்சரிவில் 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். துளிகளைப் படிப்பதால் மண்சரிவு நின்றுவிடாது. ஆனால், மலைச்சரிவில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

தொடக்கம் எளிது. மலையில் சுத்தியல் போட வேண்டாம். கட்டுமானத்துக்கு வரும் ஜல்லியில் ஒரு துண்டு போதும். அதை உடைத்து, தெளிவான மெல்லிய குவார்ட்ஸ் சில்லு ஒன்றை எடுங்கள். உடைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். சில்லின் மேல் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு, பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். முதல் சில்லில் தெரியாவிட்டால் பத்தாவதில் தெரியலாம். வரிசையாகக் கிடக்கும் துளிகள், பாறை பின்னாளில் விரிசல் கண்டு மீண்டும் ஒட்டியதன் தழும்பு. சில துளிகளில் குமிழ் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும்.

அறிவியல் கழக ஆசிரியர்கள் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கட்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த துளியை ஒருமுறை கண்ட மாணவன், கல்லை வெறும் கல்லாக இனிப் பார்க்க மாட்டான்.