மாட்ச் பார்க்க மீசை வேண்டுமா?



வெளியே கிளம்புவது என்றால் நமக்கு எத்தனை ஏற்பாடு! கேஸை மூடினோமா, குழந்தைக்குப் பால் புட்டி எடுத்தோமா, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்தோமா... செருப்பை மாட்டும்போதே பாதி களைப்பு வந்துவிடும். ஆனால் தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆம்பிளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாடகத்தில் நடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கால்பந்து மாட்ச் பார்க்கத்தான் இத்தனை பாடும்!

ஈரான் நாட்டுச் சமாசாரம் இது. தலைநகர் டெஹ்ரானில் ஆஸாதி ஸ்டேடியம் என்று 70,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய மைதானம் இருக்கிறது. 'ஆஸாதி' என்றால் சுதந்திரம் என்று அர்த்தம். பெயர் அப்படி. ஆனால் 1979 புரட்சிக்குப் பிறகு, ஆண்கள் ஆடும் பந்தயத்தைப் பார்க்கப் பெண்களை அங்கே விடுவது நின்றுபோயிற்று. இதற்கென்று எழுதி வைத்த சட்டம்கூட இல்லை. வாசலில் நிற்கும் காவலர் விடமாட்டார், அவ்வளவுதான். காரணம் கேட்டால், "உள்ளே ஆண்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள், அது பெண்கள் காதில் விழக்கூடாது" என்பார்கள். பேசுகிறவன் வாயை மூடச் சொல்வதை விட, கேட்கிறவளை வீட்டில் உட்காரச் சொல்வது சுலபம் பாருங்கள்!

இதில் இன்னொரு வேடிக்கை. 2001 நவம்பரில், உலகக் கோப்பைக்குப் போவது ஈரானா அயர்லாந்தா என்று முடிவு செய்யும் பந்தயம் அதே மைதானத்தில் நடந்தது. அயர்லாந்திலிருந்து வந்த பெண்களை உள்ளே விட்டார்கள். உள்ளூர்ப் பெண்கள் வெளியே! விருந்தாளிக்கு இலை போட்டு, வீட்டுப் பெண்ணைத் திண்ணையில் நிறுத்தியது போல.

2005 ஜூன் 8 அன்று ஈரானுக்கும் பஹ்ரைனுக்கும் பந்தயம். ஜெயித்தால் அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடக்கும் உலகக் கோப்பைக்கு நேரே போகலாம். ஊரே திருவிழாக் கோலம். ஆண்கள் கொடியைத் தோளில் போர்த்தி, கன்னத்தில் பச்சை, வெள்ளை, சிவப்பு வர்ணம் பூசி, ஊதுகுழலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தொற்றினால் போதும். ஆசை விடாத சில பெண்களுக்கு அந்த வர்ணமே முகத்தை மறைக்கும் திரையாகவும் ஆயிற்று.

வேஷம் போடாமல் வாசலில் நின்று உரிமை கேட்ட பெண்களும் அன்று உண்டு. வெள்ளைத் தலைத்துணியோடு மணிக்கணக்கில் நின்றார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் பாதி ஆட்டத்தின்போது ஒருவழியாக உள்ளே போனார்கள். ஈரான் 1-0 என்று ஜெயித்தது.

அந்த நாளை வைத்து ஜாஃபர் பனாஹி என்ற ஈரானிய டைரக்டர் ஒரு படம் எடுத்தார். பெயர் 'ஆஃப்சைடு'. கால்பந்தில், நிற்கக்கூடாத இடத்தில் நின்று பந்தை வாங்குகிற ஆட்டக்காரருக்கு ஊதுகிற விசில்தான் ஆஃப்சைடு. படத்தின் ஒரு பகுதியை மாட்ச் நடந்த அன்று, அந்த மைதானத்திலேயே எடுத்தார்கள். ஆம்பிளை வேஷத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஆறேழு பெண்களை மைதானத்தின் ஒரு மூலையில் தடுப்புக்குள் அடைத்து வைக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம். இந்தப் பக்கம் கூச்சல் மட்டும்தான் கேட்கும். காவல் நிற்கும் சிப்பாய் எட்டிப் பார்த்து நேர்முக வர்ணனை சொல்கிறான்! பட்டாளச் சேவைக்கு வந்த கிராமத்துப் பையன் ஒருவன், ஊரில் இருக்கும் அம்மாவையும் மாடுகளையும் நினைத்துத் தவிக்கிறான். மகளைத் தேடி அலைகிறார் ஒரு பெரியவர். யார் மேலும் நமக்குக் கோபம் வராது. அதுதான் அந்தப் படத்தின் அழகு. 2006-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றது. சொந்த நாட்டில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை.

இந்தக் கதை பனாஹிக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? சொந்த வீட்டில்! மாட்ச் பார்க்கக் கிளம்பியபோது அவருடைய சின்ன மகளும் கூடவே வந்தாளாம். வாசலில் விடவில்லை. அப்பா மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெண் பக்கத்தில் வந்து நிற்கிறாள்! எப்படியோ வழி கண்டுபிடித்துவிட்டாள்.

படத்தில் ஒரு காட்சி. அடைபட்ட பெண்ணுக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். அந்த மைதானத்தில் பெண்களுக்கென்று கழிவறையே கிடையாது. கடைசியில், ஒரு ஆட்டக்காரரின் படம் போட்ட தாளை அவள் முகத்தில் முகமூடியாகக் கட்டி, ஆண்கள் கழிவறைக்குக் கூட்டிப் போகிறான் சிப்பாய். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நமக்கு அடிவயிறு கனக்கும்.

ஏன்னா இது நமக்குத் தெரிந்த அவஸ்தை. கல்யாணம், பஸ் பயணம், கோவில் திருவிழா... போகிற இடத்தில் கழிவறை இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறோமே! இது உடம்புக்கு நல்லதே அல்ல. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். அதையும் மணிக்கணக்கில் அடக்கினால் கிருமிகள் பெருக இடம் கொடுத்தது போல. நீர்க்கடுப்பு, எரிச்சல், ஜுரம் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். மார்பை இறுக்கிக் கட்டுவதும் அப்படியே. மூச்சை முழுசாக இழுக்க முடியாது, விலா வலிக்கும், வெயிலில் தோல் புண்ணாகும். ஒளிந்து வாழ்ந்தால் அதன் செலவை உடம்புதான் கட்டுகிறது.

சில நேரம் அந்தச் செலவு ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. 2019 மார்ச்சில், 29 வயதுப் பெண் ஒருத்தி ஆண் வேஷத்தில் மாட்ச் பார்க்கப் போய்ப் பிடிபட்டாள். வழக்கு வந்தது. சிறைத் தண்டனை வரும் என்று பயந்து, நீதிமன்ற வாசலிலேயே தீக்குளித்தாள். செப்டம்பர் 9 அன்று உயிர் பிரிந்தது. அவளுக்குப் பிடித்த அணியின் நிறம் நீலம். அதனால் உலகம் அவளை 'நீலப் பெண்' என்று அழைத்தது.

அதன் பிறகு உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா அழுத்தம் கொடுத்தது. 2019 அக்டோபர் 10 அன்று, கம்போடியாவுக்கு எதிரான தகுதிப் பந்தயத்துக்குப் பெண்களுக்கும் டிக்கெட் விற்றார்கள். சுமார் 3,500 டிக்கெட், போட்ட வேகத்தில் தீர்ந்துபோயிற்று. தனி இடம், நடுவே தடுப்பு, சுற்றிலும் பெண் போலீஸ். இருந்தாலும் என்ன! கொடியைப் போர்த்திக்கொண்டு, சொந்த முகத்தோடு, சொந்தக் குரலில் கத்தினார்கள். ஈரான் போட்ட கோல் ஒன்றா இரண்டா, 14! ஒன்றுகூட வாங்கவில்லை.

கதை அதோடு சுபம் என்று முடியவில்லை. 2022 ஜனவரியில் ஈராக்கை 1-0 என்று ஜெயித்து, ஈரான் மறுபடி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது ஆஸாதியில் பெண்களும் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் மஷாத் நகரில் நடந்த பந்தயத்திலோ, கையில் டிக்கெட் வைத்திருந்த பெண்களையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது போலிருக்கிறது.

"ஒரு மாட்ச்சுக்குப் போய் இத்தனையா?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெண்கள் பெரிய பதவி எதுவும் கேட்கவில்லை. அண்ணன் தம்பி உட்காருகிற படியில் தாங்களும் உட்கார்ந்து, கோல் விழுந்தால் எழுந்து குதிக்கணும், அவ்வளவுதான். சின்ன ஆசைதான். சின்ன ஆசைக்கே வேஷம் போட வேண்டியிருந்தால், பெரிய ஆசையை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

உங்கள் பெண் "நானும் வரேம்மா" என்று எதற்காவது கிளம்பினால், "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுங்கள். போகிற இடத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழியில் குடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே கிளம்புங்களேன்! வேலை எங்கே போகப் போகிறது? வந்து பார்த்துக்கொள்ளலாம்.