ஞாபகச் சில்லுக் கம்பெனிகளும் சிறு முதலும்

2025-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் ஞாபகச் சில்லுகளின் விலை விஷம்போல் ஏறலாயிற்று. செயற்கை அறிவு யந்திரங்களுக்கு வேண்டிய சில்லுகளை உண்டாக்குவதிலேயே பெரிய ஆலைகள் முனைந்துவிட்டபடியால், சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் வேண்டிய சரக்குக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததே இதற்கு முக்கிய காரணம். அது முதல் ஒரு புது யோசனை நம் நாட்டுப் படித்தவர்களிடையே பரவி வருகிறது. கோர்ட்டு வராந்தாவிலும் ரயில் வண்டியிலும் அதையே கேட்கிறோம். பெரிய கம்பெனிகளின் பங்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாம். ஆகவே யாரும் அறியாத சிறிய ஞாபகச் சில்லுக் கம்பெனியாகத் தேடி, இப்போதே வாங்கிப் போட்டுவிட வேண்டுமாம். ஐந்து வருஷத்தில் பத்து மடங்காகுமாம். வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதி யளித்திருப்பதால், மாதச் சம்பளக்காரர்களும் அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்குவது இக்காலத்தில் அரிதன்று.

இந்த யோசனை சொல்பவர்களின் நாணயத்தில் நாம் சந்தேகங் கொள்ளவில்லை. ஆனால் அவர்களுடைய தர்க்கம் தவறானது. சரக்குக்குக் கிராக்கி உண்டு என்பதும், அச்சரக்கைச் செய்யும் சிறு கம்பெனியின் பங்குதாரனுக்கு லாபம் உண்டு என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இந்தத் தொழிலின் ஐம்பது வருஷச் சரித்திரத்தில் அவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம் மிகச் சொற்பம்.

சரக்கின் தன்மையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். டிராம் எனப்படும் ஞாபகச் சில்லின் ஒவ்வோர் அறையிலும் ஒரு டிரான்ஸிஸ்டரும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறு கெபாஸிடரும் உண்டு. அந்த மின்சாரம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துகொண்டே யிருப்பதால், ஒவ்வொரு ஸெகண்டிலும் பலமுறை மறுபடியும் நிரப்பப்பட வேண்டும். ஐ.பி.எம். கம்பெனியின் ராபர்ட் டென்னார்டு என்பவர் கண்ட உபாயம் இது. 1968-இல் இதற்குப் பேடண்ட் கிடைத்தது. எல்லா உற்பத்தியாளரும் ஒரே அளவுத் திட்டத்தை அனுசரிப்பதால், ஒருவருடைய சில்லை எடுத்துவிட்டு மற்றொருவருடையதை அதே இடத்தில் பொருத்தலாம். எனவே நெல்லுக்கும் சர்க்கரைக்கும் எப்படியோ அப்படியே இதற்கும் விலை சந்தையில்தான் தீர்மானமாகிறது. செய்பவனுக்கு அதில் குரல் இல்லை.

நெல்லுக்கு இல்லாத ஒரு துன்பமும் இதற்கு உண்டு. புதிய ஆலை கட்ட நூற்றுக்கணக்கான கோடி டாலர் வேண்டும். கட்டி முடிய இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். விலை உயர்ந்திருக்கும்போது எல்லோர் கையிலும் பணம் புரளுகிறது; எல்லோரும் ஏககாலத்தில் ஆலை கட்டத் துவங்குகிறார்கள்; எல்லோருடைய சரக்கும் ஏககாலத்தில் சந்தைக்கு வருகிறது. விலை சரிகிறது. ஆலையை நிறுத்தி வைக்கலாமென்றால், யந்திரத்தின் தேய்மானமும் கடனுக்கு வட்டியும் நிற்பதில்லை. ஆகையால் நஷ்டத்துக்கேனும் விற்றுக்கொண்டே யிருக்கிறார்கள். கொரியாவின் எஸ்.கே. ஹைனிக்ஸ் கம்பெனி 2023-ஆம் வருஷத்தில் 7.73 லட்சம் கோடி வோன் வியாபார நஷ்டம் காட்டிற்று. அடுத்த வருஷமே 23.47 லட்சம் கோடி வோன் லாபம் காட்டிற்று. மைக்ரான் கம்பெனி தனது 2023-ஆம் கணக்கு வருஷத்தில் இழந்தது 583 கோடி டாலர். இத்தகைய பள்ளத்தில் விழுந்து மேட்டில் ஏறத் தக்க உடல் வலு யாருக்கு இருக்கிறது என்பதே கேள்வி. டிராம் வியாபாரத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இன்று மூன்றே கம்பெனிகளின் வசம் இருப்பதன் காரணமும் இதுதான்.

இன்டெல் கம்பெனி 1968-இல் துவங்கியதே ஞாபகச் சில்லுகள் செய்வதற்காக. 1970-இல் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு உலகெங்கும் விற்றது. பதினைந்து வருஷங் கழித்து, 1985-இல், ஜப்பானியர் போட்டியைத் தாங்க மாட்டாமல் டிராம் தொழிலையே அது கைவிட்டது. துவக்கி வைத்தவர்களே ஓடிப்போன தொழில் இது.

“மைக்ரான் சிறியதாகத் துவங்கவில்லையா?” என்று உடனே கேட்பார்கள். துவங்கியது உண்மை. 1978-இல் ஐடஹோ மாகாணத்துப் பாய்ஸி நகரில், ஒரு பல் வைத்தியசாலையின் நிலவறையில், பார்க்கின்ஸன் என்ற இரட்டைச் சகோதரர்களும் அவர்களுடைய நண்பர் இருவரும் கூடி ஆரம்பித்த கம்பெனி அது. அவர்களுக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜே.ஆர். ஸிம்ப்ளாட் என்னும் உருளைக்கிழங்கு வியாபாரி. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு, மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலைகளுக்கு உருளைக்கிழங்கு அனுப்பியே பெருஞ் செல்வரான மனிதர். விலை சரியும்போது விதைத்து, விலை ஏறும்போது விற்றுப் பழகிய அவருக்கு, மின்சார சாஸ்திரம் தெரிந்த பலருக்குப் புரியாத ஒன்று புரிந்திருந்தது போலும். 1984-இல் மைக்ரான் பொதுஜனங்களுக்குப் பங்கு விற்றது. மறு வருஷமே சில்லு விலை பாதாளத்துக்குப் போயிற்று.

அப்போது அது பிழைத்தது எப்படி என்பதை இன்று சிறு கம்பெனிகளைச் சிபாரிசு செய்கிறவர்கள் சொல்வதில்லை. ஜப்பானியர் அடக்க விலைக்கும் குறைவாகச் சரக்கைக் கொட்டுகிறார்கள் என்று மைக்ரான் 1985-இல் அமெரிக்க சர்க்காரிடம் மனுப் போட்டது. சர்க்கார் விசாரித்தனர். 1986-இல் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செமிகண்டக்டர் ஒப்பந்தம் ஏற்பட்டது. விலைக்குக் கீழ்வரம்பு வந்தது. இரண்டு வருஷத்தில் சரக்குத் தட்டுப்பாடே உண்டாயிற்று. ஆகவே மைக்ரானைக் காத்தவை ஒரு கோடீசுவரருடைய பொறுமையும் ஒரு வல்லரசின் வர்த்தகச் சட்டமும். இவ்விரண்டும் இல்லாத கம்பெனியில் பணம் போட்டுவிட்டு, அதற்கு ‘அடுத்த மைக்ரான்’ என்று பெயர் சூட்டுவது பேராசைக்கு இடும் நாமகரணமே யொழிய வேறன்று.

சர்க்கார் துணை இருந்தும் முடியாமற்போன கதையும் உண்டு. நெக், ஹிட்டாச்சி ஆகிய இரு பெருங் கம்பெனிகள் 1999-இல் கூட்டுச் சேர்ந்து ஏற்படுத்தியது எல்பிடா. 2009-இல் சர்க்கார் வசமுள்ள வங்கியின் மூலம் அதற்கு 3,000 கோடி யென் கொடுக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் சுமார் 44,800 கோடி யென் கடனுடன் அது திவால் மனுக் கொடுத்தது. 2013-இல் மைக்ரான் அதை வாங்கிற்று. கடன்காரர்களுக்கு ஒரு பகுதி கிடைத்தது. பங்குதாரர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஹிரோஷிமாவில் அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. அதில் செய்யும் சில்லுகளும் நல்ல சில்லுகளே. ஜெர்மனியின் கிமோண்டாவும் அப்படியே. 2006-இல் நியூயார்க் சந்தையில் ஒரு பங்கு 13 டாலருக்கு விற்றது. 2009 ஜனவரியில் மூனிக் கோர்ட்டில் இன்ஸால்வென்ஸி. இவை சிறு கம்பெனிகளல்ல என்று ஆக்ஷேபிக்கலாம். பெரியவற்றின் கதியே இதுவானால், என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

இங்கே வக்கீல்களுக்கு ருசிக்கும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். போட்டியினால் களைத்துப்போன இந்தக் கம்பெனிகளுட் சில, ரகசியமாகக் கூடி விலையைக் கட்டிப் பிடிக்க முயன்று அகப்பட்டுக் கொண்டன. குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவில் இன்ஃபினியன் 2004-இல் 16 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 2005-இல் 18½ கோடியும், அதே வருஷம் சாம்ஸங் 30 கோடியும் அபராதம் செலுத்தின. யோக்கியமான வழியில் லாபம் எளிதாக வருகிற தொழிலில் இவ்வளவு துணிவு ஒருவருக்கும் வராது.

நிற்க. இன்று சந்தையில் கிடைக்கும் சிறு கம்பெனிகளிற் பல டிராம் செய்வனவல்ல. பெரியவர்கள் எட்டிப் பாராத ஒரு மூலையில் தனி வகைச் சில்லு செய்வன. மின்சாரம் நின்றாலும் மறவாத சில்லு, காந்த சக்தியால் ஞாபகம் வைக்கும் சில்லு என்றிப்படி. இவற்றை நாம் இகழவில்லை. இவர்களுடைய புத்தி நுட்பத்தைக் கண்டு வியக்கிறோம். ஆனால் மூலை சிறியது, லாபமும் மூலையளவே. ராம்ட்ரான் என்ற கம்பெனி 1984-இல் கொலராடோவில் துவங்கி, மின்சார மீட்டர்களுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் ஏற்ற அருமையான சில்லுகளைச் செய்தது. 2012-இல் சைப்ரஸ் கம்பெனி அதைப் பங்கு ஒன்றுக்கு 3 டாலர் 10 ஸென்டு வீதம், சுமார் 11 கோடி டாலருக்கு விழுங்கியது. இருபத்தெட்டு வருஷ உழைப்பின் விலை அது. காந்தச் சில்லு செய்யும் எவர்ஸ்பின் 2008-இல் தனியாகப் பிரிந்தது. 2016-இல் 8 டாலருக்குப் பங்கு விற்றது. முழு வருஷ லாபம் என்று முதன்முதலாகக் கண்டது 2021-இல். அவ்வருஷ விற்பனை சுமார் 5½ கோடி டாலர்; 2024-இல் சுமார் 5 கோடி. நாணயமான கம்பெனி, நல்ல சரக்கு. ஆயினும் பத்து மடங்குக் கனவுக்கு இங்கே இடமெங்கே?

புதுமையே போதுமென்பாருக்கு இன்டெலும் மைக்ரானும் 2015-இல் கூடிப் பறையறைவித்த புது ஞாபகச் சில்லின் கதி பதில் சொல்லும். 2021-இல் மைக்ரான் விலகிற்று. 2022-இல் இன்டெல் சுமார் 56 கோடி டாலர் சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதிக் கடையைக் கட்டிற்று. இவ்விரு மலைகளாலும் பழைய டிராமின் விலையோடு போட்டியிட முடியவில்லை.

பேடண்ட் வழக்கை நம்பிப் பங்கு வாங்குவோரும் இருக்கிறார்கள். நெட்லிஸ்ட் என்னும் சிறு கம்பெனிக்கு சாம்ஸங் சுமார் 30 கோடி 30 லட்சம் டாலர் கொடுக்க வேண்டுமென்று டெக்ஸாஸ் ஜூரிகள் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு வேறு, பணம் வேறு என்பதை நம்மைப் போல் கோர்ட்டில் காலங் கழித்தவர்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்பீல் ஒரு பக்கம். பேடண்டே செல்லுமா என்ற விசாரணை மற்றொரு பக்கம். வழக்குச் செலவுக்கோ புதிய பங்குகளை அச்சிட்டு விற்கவேண்டும்.

புதிய பங்கு என்றோமே, அதுவே சிறு கம்பெனியின் உள் ரோகம். இதைப் பற்றி நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டுகிறோம். ஐந்தொகையை எடுத்து, கையிலுள்ள ரொக்கத்தை ஒரு வருஷ நஷ்டத்தால் வகுத்துப் பார்த்தால், கம்பெனிக்கு இன்னும் எத்தனை வருஷம் மூச்சு இருக்கிறது என்பது விளங்கும். அடுத்தபடியாக, ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை பங்குகள் இருந்தன, இன்று எத்தனை என்று பார்க்க வேண்டும். ஒரு கோடி பங்கு இரண்டு கோடியாகியிருக்குமானால், கம்பெனியின் மதிப்பு இரட்டித்தும் நமது பங்கின் மதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சொந்த ஆலை உண்டா, பிறர் ஆலையில் கூலிக்குச் செய்விக்கிறார்களா? தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த ஆலைக்காரன் யாருக்கு முதலில் இடங் கொடுப்பான்? விற்பனையில் பாதி ஒரே வாடிக்கைக்காரருடையதா? இவ்வளவும் கம்பெனிகள் சட்டப்படி வெளியிடும் வருஷாந்தர அறிக்கையிலேயே இருக்கின்றன. படிக்கச் சலிப்பவர் வாங்காமலிருப்பதே உத்தமம். மேலும் ஞாபகச் சில்லுக் கம்பெனியின் லாபம் உச்சத்திலிருக்கும்போது அதன் பங்கு, லாபத்தோடு ஒப்பிடுகையில் மிக மலிவாகத் தோன்றும். அந்த மலிவைக் கண்டு ஏமாந்தவர்கள் அநேகர். ஏனெனில் அந்த லாபமே நிலைப்பதன்று.

இத்தொழில் நம் நாட்டில் வளர வேண்டாமென்று நாம் சொல்வதாக ஒருவரும் நினைக்க வேண்டாம். யார் பணத்தில் என்பதே நமது கேள்வி. குஜராத்தில் ஸாணந்த் என்னுமிடத்தில் சில்லுகளைப் பொதிந்து பரிசோதிக்கும் ஆலை யொன்று அமைக்க 2023 ஜூனில் மைக்ரான் ஏற்பாடு செய்துகொண்டது. மொத்தச் செலவு 275 கோடி டாலர் என்று திட்டம். அதில் பாதியை மத்திய சர்க்காரும் ஐந்திலொரு பங்கை மாகாண சர்க்காரும் தருகிறார்கள். மைக்ரானுடையது 82½ கோடி டாலர் வரைதான். சீனாவில் ஹபெய் நகரத்து டிராம் கம்பெனியும் 2016-இல் சர்க்கார் பணத்தைக் கொண்டே எழுப்பப்பட்டது. உலகத்தின் பெரிய கம்பெனியே நூற்றுக்கு எழுபது பங்கு பொது நிதி இல்லாமல் இறங்கத் தயங்குகிற துறையில், ஒரு பள்ளி ஆசிரியர் தம் சேமிப்பைக் கொண்டு தனியாக இறங்குவதை நாம் எப்படிச் சிபாரிசு செய்வோம்? நஷ்டமானாலும் குடும்பம் அசையாத அளவுள்ள ஒரு சிறு தொகையை, மேற்சொன்ன கணக்குகளைப் பார்த்துப் போடுகிறவரை நாம் தடுக்கவில்லை. பெண் கல்யாணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் வைத்த பணம் இதற்கு உரியதன்று.

சர்க்கார் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. கைப்பேசி மூலம் வெளிநாட்டுப் பங்குகளை விற்கும் தரகர்கள், விளம்பரத்தை நல்ல தமிழில் பெரிய எழுத்தில் செய்கிறார்கள்; அபாய அறிவிப்பை மட்டும் ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் வைக்கிறார்கள். எந்தப் பாஷையில் பங்கை விற்கிறார்களோ அந்தப் பாஷையிலேயே, அதே அளவு எழுத்திலேயே, அந்தக் கம்பெனியின் ஐந்து வருஷ லாப நஷ்டத்தையும் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதையும் காட்ட வேண்டுமென்று விதி செய்தல் வேண்டும். இதற்கு ஒரு புதிய சட்டங்கூடத் தேவையில்லை. பணத்தை வெளியே அனுப்ப அனுமதிக்கும்போதே இந்த நிபந்தனையையும் சேர்த்துவிடலாம்.