சக்கரத்தின்மேல் ஒரு வீடு



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து விசுவாசிகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள தம் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு அண்மையில்தான் மும்பைக்குத் திரும்பியிருந்தார்.

"பாஸ்டர் ஐயா, மகளுக்குப் பக்கத்து வீட்டிலே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனவங்க. முப்பது வருஷம் குடியிருந்த வீட்டை வித்துட்டு, பஸ் மாதிரி ஒரு வண்டியை வாங்கி அதிலேயே குடியிருக்கப் போயிட்டாங்க. நாம ரெண்டு சென்ட் நிலத்துக்காக ஆயுசெல்லாம் பாடுபடுறோம். அவங்க செய்தது விசுவாசமா, புத்தியீனமா?"

அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவ்விதமான வாழ்க்கையைக் குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். வாசித்தபின், கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டை விற்றது சரியா, தவறா என்பதைவிட, வண்டி ஓடாத நாளில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதே நாம் கேட்கவேண்டியது.

வண்டிக்குள் ஒரு குடித்தனம்

இவ்வகை வண்டிகளை அமெரிக்கர் ஆர்.வி. என்று அழைக்கிறார்கள். நம் நாட்டில் சினிமா நடிகர்கள் பயன்படுத்தும் கேரவனை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். தானே ஓடும் மோட்டார் ஹோம் ஒரு வகை. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் இன்னொரு வகை. பெரிய மோட்டார் ஹோம்கள் 45 அடி நீளம்வரை உண்டு. ஆயினும் சாலையில் செல்லும்போது அகலம் எட்டரை அடி மட்டுமே. அதற்குள் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, குளியலறை அனைத்தும் அமைந்திருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டி உண்டு. முதலாவதை நிரப்புவதும், மற்ற இரண்டையும் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய்க் காலிசெய்வதும் குடும்பத்தலைவரின் தவறாத கடமைகள்.

2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 12 லட்சம் குடும்பங்களிடம் இத்தகைய வண்டி இருந்தது. அவர்களில் மிகுதியானோர் விடுமுறைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறவர்கள். வீட்டையே விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் அதில் வாழ்கிறவர்கள் ஒரு சிறு பகுதியினரே. அவர்களை ஃபுல்டைமர்கள் என்கிறார்கள்.

இவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் விரும்பிப் போகிறவர்கள். பிள்ளைகள் வளர்ந்து வெவ்வேறு மாநிலங்களில் குடியேறிவிட்டபின், வயதான இருவருக்கு நான்கு படுக்கையறை எதற்கு, ஆண்டுதோறும் வீட்டு வரியும் பழுதுபார்க்கும் செலவும் எதற்கு என்று எண்ணுகிறார்கள். குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் போன்ற பாலைவன ஊர்களுக்கும், கோடையில் வடக்கே குளிர்ந்த மலைநாடுகளுக்கும் செல்கிறார்கள். மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான பரந்த வெளிகளில் பல இடங்களில் 14 நாட்கள்வரை கட்டணமின்றித் தங்கலாம். அதன்பின் இடம் மாறவேண்டும்.

மறு சாரார் வேறு வழியின்றிப் போனவர்கள். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையையும் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், பழைய வேன்களிலும் டிரெய்லர்களிலும் குடியேறி, பருவகால வேலைகளைத் தேடி ஊர் ஊராய்ச் சென்றார்கள். சர்க்கரைக் கிழங்கு அறுவடையிலும், பெரிய கிடங்குகளிலும், முகாம் மைதானங்களிலும் அவர்கள் கூலிவேலை செய்ததை ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் "நோமேட்லேண்ட்" என்னும் நூலாக எழுதினார். அந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஆகவே, சாலையில் ஓடும் எல்லா வண்டிகளும் சுகபோக வண்டிகள் என்று நாம் எண்ணிவிடலாகாது.

விலாசம் இல்லாதவர்க்கு

வாடகை வீட்டில் 11 மாத ஒப்பந்தத்தின்பேரில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு விலாசத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரேஷன் அட்டைக்கும், வங்கிக் கணக்குக்கும், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் எத்தனை முறை விலாசச் சான்றுக்காக அலைந்திருக்கிறோம்! வீட்டை விற்ற அமெரிக்கருக்கும் இதே சிக்கல் உண்டு. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, வரி, வாக்குரிமை எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு மாநிலத்தில் அவருக்கு விலாசம் இருந்தாகவேண்டும். அதனால் பலர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். அம்மூன்றிலும் மாநில அளவில் தனிநபர் வருமான வரி இல்லை. வரும் கடிதங்களைப் பெற்று, வண்டி நிற்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் அங்கே உண்டு.

மருத்துவம் இதைவிடக் கடினமானது. 65 வயதானோர்க்கு அரசு வழங்கும் மெடிகேர் காப்பீட்டின் மூல வடிவத்தை ஏற்கும் மருத்துவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஆனால் தனியார் நிறுவனங்கள் வழியாக அதைப் பெறுகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் குறிப்பிட்ட பகுதிக்கும், அப்பகுதி மருத்துவர்களுக்கும் உட்பட்டதாக இருக்கும். ஆயிரம் மைல் தள்ளி மார்வலி வந்தால் அவசர சிகிச்சை கிடைக்கும். அதன் பின்னான மாதக்கணக்கான தொடர் சிகிச்சைக்கு என்ன செய்வது? புறப்படுவதற்குமுன் இதை விசாரிக்காதவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

2020ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இன்னொரு சோதனையும் வந்தது. பெருந்தொற்றினிமித்தம் அநேக மாநிலப் பூங்காக்களும் முகாம் மைதானங்களும் மூடப்பட்டன. எல்லாரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அரசு கட்டளையிட்டது. சக்கரத்தின்மேல் இருந்த வீட்டை நிறுத்த இடமின்றி ஃபுல்டைமர்கள் பலர் தத்தளித்தார்கள்.

திரும்பி வரும் வழி

ஒருவர் வீட்டை விற்கும்போது சொத்தை மட்டும் விற்கவில்லை. திரும்பி வரும் வழியையும் விற்கிறார். வீட்டின் மதிப்பு காலப்போக்கில் பெரும்பாலும் உயர்கிறது. வண்டியோ, கடையைவிட்டு வெளியே வந்த நாளிலிருந்தே மதிப்பு குறைகிறது. அதற்கான கடனை 15, 20 ஆண்டுகளுக்கு நீட்டிக் கொடுப்பவர்களும் உண்டு; கடன் தீருமுன் வண்டி தேய்ந்துவிடும்.

அண்மைக் காலத்தில் நடந்ததைக் கவனியுங்கள். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அதே ஆண்டில்தான் ஆர்.வி. தொழிற்சாலைகள் 6 லட்சம் வண்டிகளைக் கடைகளுக்கு அனுப்பிச் சாதனை படைத்தன. 2023 அக்டோபரிலோ அந்த வட்டி 7.79 சதவீதமாக ஏறிவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், 3 லட்சம் டாலர் கடனுக்கு முன்பு மாதத் தவணை ஏறத்தாழ 1,209 டாலர். பின்பு 2,158 டாலர். வீட்டை விற்றுச் சாலைக்குப் போய், இரண்டு ஆண்டுகளில் களைத்துத் திரும்பியவர், தாம் விற்ற அதே வீட்டைத் தாமே வாங்க இயலாதவராய் நின்றிருப்பார்.

வண்டி பழுதானால் என்ன ஆகும் என்பதையும் எண்ணவேண்டும். நம் வண்டி மெக்கானிக்கிடம் போனால் நாம் பேருந்தில் போவோம். அவர்கள் வண்டி மெக்கானிக்கிடம் போனால், கட்டிலும் அடுப்பும் மாற்றுத்துணியும் மருந்தும் அதனோடு போய்விடுகின்றன. உதிரிப்பாகம் வரும்வரை விடுதி அறையே வீடு.

இருவரும் ஒருமனப்பட்டார்களா?

இது குடும்பப் பத்திரிகை; ஆகையால் இதையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட தீர்மானங்களில் பெரும்பாலும் ஒருவர் இழுக்கிறார், மற்றவர் இழுபடுகிறார். கணவனுக்குச் சாலை சுதந்திரமாகத் தெரியும். மனைவிக்கோ அந்த வீட்டின் சமையலறையும், எதிர்வீட்டுத் தோழியும், பேரப்பிள்ளையின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்துவைத்த கதவு நிலையுமே வாழ்வாக இருந்திருக்கும். சில குடும்பங்களில் இது தலைகீழாகவும் இருக்கலாம். கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை இல்லாத இடத்தில், மனமில்லாமல் கொடுத்த சம்மதம் நெடுநாள் நிற்காது.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் ஆலோசனை ஒன்று என் மனதில் பதிந்தது: வண்டியை ஓட்டவும், நிறுத்தவும், தண்ணீரும் மின்சாரமும் இணைக்கவும் இருவருமே கற்றிருக்கவேண்டும். ஓட்டுகிறவர் ஒரு நாள் விழுந்துவிட்டால், மற்றவர் தனிமையான ஓரிடத்தில் அசைக்கத் தெரியாத வீட்டோடு நிற்கக்கூடாது.

லிவிங்ஸ்டன் ஊரில்

1978ஆம் ஆண்டில் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் இவ்விதம் சாலையில் வாழ்கிறவர்களுக்காக எஸ்கேப்பீஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தலைமையிடம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் இருக்கிறது. உறுப்பினர்களின் கடிதங்களைப் பெற்று அனுப்புவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. ஆனால் என்னை அதிகமாய்ச் சிந்திக்கவைத்தது வேறொன்று. ஆண்டுகள் சென்றபோது உறுப்பினர்கள் முதுமையடைந்தார்கள். சிலருக்குப் பார்வை மங்கியது. சிலர் துணையை இழந்தார்கள். இனி ஓட்டமுடியாது என்ற நாள் வந்தது. அப்பொழுது அச்சங்கத்தார் லிவிங்ஸ்டனிலேயே கேர் என்னும் மையத்தை ஏற்படுத்தினார்கள். அங்கே ஓட்ட இயலாதவர் தம் சொந்த வண்டியை நிறுத்தி, அதிலேயே குடியிருக்கலாம். மூன்று வேளை உணவு உண்டு. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஆள் உண்டு. பகலில் உதவியும் துணையும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப்பின் சில காலம் இளைப்பாறித் திரும்பவும் பயணப்படுகிறவர்களும் உண்டு.

சாலையை அதிகமாய் நேசித்தவர்களே, நிற்பதற்கு ஓரிடத்தைத் தாங்களாகவே உண்டாக்கவேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஓடிக்கொண்டேயிருக்கலாம் என்று அவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

நம்முடைய வேதத்திலும் இதற்கு ஒப்பான ஒரு காரியம் உண்டு. ஆபிரகாம் ஊர் என்னும் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டு, கானானில் கூடாரங்களில் சஞ்சரித்தவர். அந்தத் தேசம் முழுவதும் அவருக்கு வாக்குப்பண்ணப்பட்டிருந்தும், வீடு கட்டுவதற்கென்று அவர் நிலம் வாங்கியதாக நாம் வாசிப்பதில்லை. ஆனால் சாராள் 127 வயதில் எபிரோனில் மரித்தபோது, ஏத்தியனாகிய எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, மக்பேலாவின் நிலத்தையும் குகையையும் வாங்கினார். இனாமாய்க் கொடுக்கிறோம் என்றபோதும் அவர் அதை அப்படி ஏற்கவில்லை. சாட்சிகள் முன்பாக முழு விலை கொடுத்தார். கூடாரவாசியான அவரும் நிற்கவேண்டிய இடத்தைக் குறித்துக் கவனமற்றவராக இருக்கவில்லை.

சகோதரிக்குச் சொன்ன பதில்

அடுத்த முறை சந்தித்தபோது அந்தச் சகோதரிக்கு இவ்வாறு சொன்னேன்: "அம்மா, வீட்டை விற்றதினாலேயே ஒருவரைப் புத்தியீனர் என்று சொல்லமுடியாது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளைச் சேர்ந்த ஆர்.வி. தொண்டர்கள் தங்கள் வண்டிகளிலேயே ஊர் ஊராய்ச் சென்று, ஆலயங்களையும் முகாம்களையும் கட்டிக்கொடுக்கிறார்கள். சாலை அவர்களுக்கு நன்மையாய் இருக்கிறது. ஆனால் முதலில் வீட்டை விற்காமல் ஓராண்டு வாடகைக்கு விட்டுப் பார்த்திருக்கலாம். திரும்பி வருவதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும். இருவரில் ஒருவர் தனித்துவிட்டால் எங்கே, யாரோடு இருப்பது என்று பேசி முடித்திருக்கவேண்டும். இவற்றைச் செய்திருந்தால் அது விசுவாசத்தோடு கூடிய விவேகம்."

அவர் மகளிடம் தொலைபேசியில் இதைச் சொல்லியிருக்கிறார். மகளும் அந்தத் தம்பதியை அழைத்து, வண்டி ஓட்டமுடியாத காலத்தில் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டாளாம். கணவர் சிரித்தாராம், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். மனைவி சிரிக்கவில்லையாம். நாங்கள் இன்னும் அதைப் பேசவில்லை, இன்று இரவு பேசுகிறோம் என்று சொன்னாளாம்.

அவர்கள் பேசியிருப்பார்கள் என்று நம்புகிறேன். பட்டணத்தில் பிழைக்க வந்து, ஊரிலுள்ள வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் நம் குடும்பங்களும் அதே பேச்சை ஓர் இரவு உட்கார்ந்து பேசலாம். கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்தருள்வாராக.