‘அடம்’ என்னும் அபாண்டம்

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி ஈழத்துத் தமிழர் மத்தியில் இன்றும் குழந்தை வளர்ப்புக் கோட்பாடாக வழங்கிவருகின்றது. மாட்டுக்கே பொருந்துமோ என ஐயுறத்தக்க இக்கூற்று, ஓட்டிசம் உடைய குழந்தையின்மீது பிரயோகிக்கப்படும்போது விளையும் கேடு சிறிதன்று.

திருமண மண்டபமொன்றைக் கருதுக. மேளம் முழங்குகின்றது, ஒலிபெருக்கி அலறுகின்றது, படப்பிடிப்பு விளக்குகள் கண்ணைக் கூசவைக்கின்றன, புத்தாடையின் சரிகை கழுத்தை அராவுகின்றது, முன்பின் அறியாதோர் கன்னத்தைக் கிள்ளுகின்றனர். ஐந்து வயதுச் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் வீழ்ந்து கதறுகின்றான். தன் கையைத் தானே கடிக்கின்றான். சூழ நிற்போர் தீர்ப்பு வழங்கத் தாமதிப்பதில்லை. குழப்படி என்பார் ஒருவர். நாவூறு என்பார் இன்னொருவர். தாய் செல்லங் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பதில் மட்டும் யாவரும் ஒருமித்து நிற்பர். பூவரசந் தடியை நினைவூட்டவும் ஒருவர் இருப்பார். ஈற்றில் தாய் வெட்கம் தாளாது பிள்ளையை அடிக்கின்றாள். அவ்வடி பிள்ளையின் பொருட்டு விழுந்ததன்று. சபையின் பொருட்டு விழுந்தது.

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு நோக்கமுண்டு. கடைவாசலில் இனிப்புக்காக அழும் பிள்ளை, தாய் பார்க்கின்றாளா என ஓரக்கண்ணால் நோக்கும். இனிப்புக் கிடைத்ததும் அழுகை ஓயும். ஓட்டிசம் உடைய பிள்ளையும் சிலவேளை அவ்வாறு அடம்பிடிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை, அதுவும் பிள்ளைதானே. ஆயின், மேற்கூறிய கொந்தளிப்பு அவ்வகையைச் சார்ந்ததன்று. கேட்டதைக் கொடுத்தாலும் அது ஓயாது. பார்ப்போர் இல்லாதவிடத்தும் நிகழும். புலன்கள் தாங்கவொண்ணா அளவுக்குத் தாக்கப்பட்டமையின், அன்றேல் பழகிய ஒழுங்கு முன்னறிவித்தலின்றி மாற்றப்பட்டமையின் விளைவு அது. சொல்லத் தெரியாத பல்வலியும் மலச்சிக்கலுங்கூட அவ்வாறு வெளிப்படுதல் உண்டு.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட செய்தியுமன்று. 1943இல் லியோ கனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, உரத்த ஒலிகளும் சுழலும் இயந்திரங்களும் அவர்களைப் பீதிக்குள்ளாக்கியமை குறிக்கப்பட்டுள்ளது. எனினும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் புலனுணர்வு வேறுபாட்டை ஓட்டிசத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகத் தெளிவுறச் சேர்த்துக்கொண்டது 2013இலேயாம். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது? உயிரியற் காரணங்களே அடிப்படை என பேர்னாட் றிம்லன்ட் 1964இல் எடுத்துக்காட்டிய பின்னரும், பெற்றோரே பிள்ளையை இந்நிலைக்குத் தள்ளினர் என 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு நூலே எழுதினார். கலிபோர்னியாவின் ஐவர் லோவாஸ் தாயை விடுத்துப் பிள்ளையின் நடத்தையைப் பற்றிக்கொண்டார். 1960களில் மின்னோட்டம் பாய்ச்சிய தரையை அவர் பரிசோதனையிற் பயன்படுத்தினார். 1987இல் 19 பிள்ளைகளுள் 9 பேர் இயல்புநிலை எய்தினர் என அவர் அறிவித்த ஆய்விலும் தொடையில் அடித்தல் ஒரு முறையாக இடம்பெற்றிருந்தது. பூவரசந் தடிக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்ததெனலாம்.

அடித்தால் அடங்குகின்றதே என்பர். சிலவேளை அடங்கும். அடங்குவது வெளிப்பாடேயன்றி வேதனையன்று. காதுவலியினால் தலையைச் சுவரில் மோதும் பிள்ளை, அடிக்கு அஞ்சி மோதுவதை நிறுத்தலாம். காதிற் சீழ் இருந்தபடியே இருக்கும். தன்னைக் காயப்படுத்தும் பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும். தலைக்கும் சுவருக்குமிடையே தலையணையை வைப்பதும் தடுத்தலே; அதற்குத் தண்டனை எதற்கு?

தடியெடாத வீடுகளும் குற்றமற்றவையல்ல. பீதியில் நடுங்கும் பிள்ளையிடம் “ஒன்றுமில்லை, அழாதே” என்று கூறுவது, அது அனுபவிப்பதைப் பொய்யெனச் சாதிப்பதாகும். கொந்தளிப்பின் நடுவே புத்திமதி கூறுவோரும், “ஏன் இப்படிச் செய்தாய்?” என விசாரணை நடத்துவோரும் ஏற்கெனவே நிரம்பி வழியும் செவியில் மேலும் ஒலியை வார்க்கின்றனர். அவ்வேளை வேண்டப்படுபவை மிகச் சில: ஓசையையும் சனத்தையும் விலக்குதல், பேச்சைச் சுருக்குதல், பிள்ளை விரும்பினாலன்றித் தொடாது அருகிலிருத்தல். உண்மையான வேலை பின்னரே தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஒருமணி நேரத்தில் என்ன நடந்தது, எதை உண்டது, எந்த ஒழுங்கு மாறியது என ஒரு கொப்பியில் எழுதிவரின் சில வாரங்களிற் காரணம் புலப்படுதல் கூடும். நாளை நடக்கவிருப்பதை இன்றே படம் வரைந்து காட்டுதலும் பெரும்பயன் தரும்.

இவ்வளவையும் தாய் ஒருத்தியின் தலையிற் சுமத்துவதாயின், அது பெட்டல்ஹைமின் பாவத்தையே வேறு வழியாற் செய்வதாகும். இரவு நித்திரையிழந்து, காலையிற் சமைத்து, மருத்துவமனை வரிசையிலும் தானே காத்து நிற்பவளிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிது. பிள்ளையின் பராமரிப்பு முழுவதையும் அவளிடம் விட்டுவிட்டு, தடியை எடுக்கும் உரிமையை மாத்திரம் தந்தையும் மாமனும் தமக்கென ஒதுக்கிக்கொண்டுள்ளனர். அவ்வுரிமையைத் துறந்து, வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதேனும் அப்பிள்ளையோடு இருந்து, அவள் சற்றுக் கண்ணயர வழிவிட முன்வருவோர் அவர்களுள் எத்தனை பேர்?