கடலில்லாத் தீவு

கதையாசிரியர் சிலர் கற்பனைத் தீவொன்றைப் படைத்து, அதற்கென ஒரு மொழியையும் புனைந்து, அம்மொழிக்கு வரலாறும் எழுதிவிடுவர். நாமும் படித்து மகிழ்கிறோம். ஆனால், நம் வாசலருகே மெய்யான மக்கள் பேசும் மொழித்தீவு ஒன்று உண்டே. அதை எண்ணிப் பார்த்தோமா?

பாலக்காட்டின் சித்தூரும், இடுக்கியின் தேவிகுளமும் பீருமேடும் அத்தீவின் கரைகள். சுற்றிலும் கடலில்லை, மலையும், எல்லைக்கோடும், மலையாளமுமே உண்டு. 1877இல் கண்ணன் தேவன் மலை பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. பின்னர்த் தேயிலைக் கொழுந்து கிள்ளத் தமிழர் மலையேறினர். 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன.

தீவில் ஒதுங்கிய உயிரினம் இரண்டு வேலை செய்யும் என்பது அறிவியல் பயில்வோர் அறிந்ததே. பெருநிலத்தில் அழிந்ததைக் காக்கும். அங்கில்லாததைப் புதிதாய்ப் படைக்கும். மொழியும் அத்தகையதே. 'மனசிலாச்சா?' என்று பாலக்காட்டுத் தமிழர் வினவுவர். மனம், இல், ஆச்சு: இவற்றுள் எது தமிழன்று? 'பறைஞ்சான்' என்று ஒருவர் சொன்னால் மலையாளக் கலப்பென்று நகைக்கிறோம். அதே பறைதலை யாழ்ப்பாணத்தார் நாவிலும் கேட்கலாமே! ஆங்கில 'லைன்' தோட்டத்தில் 'லயம்' ஆயிற்று. அது பிழையன்று, உழைப்பாளி செய்த சொல்லாக்கம்.

நகைப்பதனால் வரும் கேடு யாது? தன் பேச்சுக்கு நாணும் தாய் அதைப் பிள்ளைக்குத் தரமாட்டாள். பிள்ளைகள் வாராத தமிழ்ப் பள்ளி ஒருநாள் மூடப்படும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு பணிக்கிறது. அரசுக்குத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே விடைபெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர்க்கு அளித்திருக்கிறது. எனினும், கேளாதவன் கையில் உரிமை வெறுந்தாளே!

மலையாளத்தை வெறுக்கச் சொல்லவில்லை. அதனை நன்கு கற்போம். அது அண்டைவீட்டு மொழி மட்டுமன்று, உடன்பிறந்த மொழி. ஆயின், தங்கையை வரவேற்கத் தாயை வெளியேற்றுவார் உண்டோ?

மன்றத்து நண்பர்களே! மேடையில் தமிழை வாழ்த்தியது போதும். விடுமுறையில் எல்லையூர்களுக்குச் செல்வோர் ஆளுக்கு ஐம்பது சொற்களைப் பொருளோடு எழுதி வாருங்கள். பாட்டியர் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த இதழில் நாமே அத்தீவுக்கு ஓர் அகராதி தொடங்குவோம்.