ஊசி போடும் கைக்கும் காப்பு வேண்டும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எமது தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தனியார் வைத்திய நிலையங்களில் வேலைக்குப் போகிறார்கள். துண்டு எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, வைத்தியர் சொன்னால் ஊசி போடுவது என்று எல்லாம் அவர்கள் தலையில்தான். மருந்து மாறிப்போனால், அளவு கூடிப்போனால் யார் பதில் சொல்வது?

வேலைநேரத்தில் ஊழியர் விடும் பிழைக்குத் தொழில்தருநரும் பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால், அதனால் ஊழியர் தப்பிவிடுவதில்லை. நோயாளி இருவர் மீதும் வழக்கு வைக்கலாம். அரச வைத்தியசாலை ஊழியரின் பிழைக்காக அரசின் மீதே வழக்கு வைக்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. தனியார் நிலையத்தில் நிற்கும் எமது பிள்ளைக்குப் பின்னால் அப்படியொரு அரசு இல்லை.

வழக்கு என்றால் என்னவென்று நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1992இல் ஒரு சிறுமி இறந்ததை அடுத்து, பேராசிரியர் பிரியானி சொய்சா மீது வழக்கு வந்தது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. சிகிச்சைக் குறையால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளியது. முடிவில் பணம் கட்ட வேண்டியிராவிட்டாலும், வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் அடுப்பெரிக்கும் ஒரு பிள்ளை அத்தனை காலம் சட்டத்தரணிக்கு எங்கே போய்ப் பணம் தேடுவாள்?

இதற்காகத்தான் தொழில்சார் நட்டஈட்டுக் காப்புறுதி இருக்கிறது. வழக்குச் செலவையும் விதிக்கப்படும் நட்டஈட்டையும், ஒப்பந்தத் தொகைக்குள், காப்புறுதி நிறுவனம் ஏற்கும். வைத்தியர் தமக்கு எடுத்த காப்புறுதி எமக்கும் செல்லும் என்று நினைத்திருக்க வேண்டாம். மூன்று விடயங்களைக் கேட்டறியுங்கள். ஒன்று, ஊழியரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனரா? இரண்டு, நாம் உண்மையில் செய்யும் வேலை அதில் எழுதப்பட்டுள்ளதா? தகுதியில்லாத வேலைக்குக் காப்பு கிடைக்காது. மூன்று, நாம் விலகிய பின்னர், அல்லது நிலையம் மூடிய பின்னர் வழக்கு வந்தால் காப்பு இருக்குமா? இவ்வகைக் காப்புறுதிகள் பல, கோரிக்கை வரும் நாளில் நடைமுறையில் இருந்தால் மட்டுமே பணம் கொடுக்கும்.

வேலையில் எமக்குக் காயம் பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது எமது உடம்புக்கான காப்பு. எமது கையால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் அந்தச் சட்டம் உதவாது.

இது நோயாளிக்கு எதிரான கோரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வரிசையில் காத்திருக்கும் நோயாளியும் எமது தாயும் தகப்பனும்தான். வெறுங்கையுடன் நிற்கும் ஊழியர் மீது தீர்ப்பு வாங்கி, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? காப்புறுதி இருந்தால் அவர்களுக்கும் நட்டஈடு வந்து சேரும். அதேவேளை, காப்புறுதி கவனக்குறைவுக்கு உரிமம் அல்ல. பயிற்சியில்லாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுப்பது எமது உரிமை மட்டுமல்ல, கடமையும்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு நிலையமும் ஊழியரைத் தன் காப்புறுதியில் சேர்க்க வேண்டும். கட்டுப்பணத்தைச் சம்பளத்தில் வெட்டாமல் தொழில்தருநரே கட்ட வேண்டும். நியமனக் கடிதத்தில் வேலை என்னவென்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படியான நிலையங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நியமனக் கடிதத்தோடு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். கடிதமே தரப்படவில்லையென்றால், அதையும் வந்து சொல்லுங்கள். தனியாளாகக் கேட்கப் பயப்படுவதைச் சங்கமாக நின்று கேட்போம்.