உயரும் பிக்கப்பும் உடையும் பால் ஜாயின்டும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



யாராவது ஒரு புது பிக்கப் வாங்கினால் போதும், ஆறே மாதத்தில் அந்த வண்டி 'வளர்ந்து' விடுகிறது. ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்து இரண்டு இன்ச் தூக்குகிறார்கள். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 33 இன்ச் டயர் மாட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. நம் ஹாஸ்டலில் இந்த வண்டிகளின் படத்தைப் போனில் பார்த்து வாயைப் பிளக்காதவர் யார்? எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆட்டோமொபைல் படிக்கிற நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? முன்பக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயரை மட்டும் பெரிதாக்கினால் முன் சஸ்பென்ஷனின் ஆயுள் குறையும். அதைச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் மாட்டிக் கொடுப்பது தப்பு.

சும்மா சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். 265/60 ஆர் 18 என்று போட்ட டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 265 மி.மீ. பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 159 மி.மீ. ரிம் 18 இன்ச், அதாவது 457 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் 775 மி.மீ. 33 இன்ச் டயரோ 838 மி.மீ. ஆரத்தில் வித்தியாசம் சுமார் 32 மி.மீ. 'இவ்வளவுதானே!' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

முதலாமாண்டில் விழுந்து விழுந்து படித்தோமே மொமென்ட் கணக்கு, அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கள். டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனில் கீழ் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்திலும், மேல் பால் ஜாயின்ட் 550 மி.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 300. பிரேக் பிடிக்கும்போது டயர் தரையைத் தொடும் இடத்தில் விசை விழுகிறது. அதில் 250/300, அதாவது 0.83 மடங்கு மேல் ஜாயின்ட்டுக்குப் போகிறது. பெரிய டயர் போட்டால் இரண்டு ஜாயின்ட்டும் 32 மி.மீ. உயர்ந்துவிடும். இப்போது 282/300, அதாவது 0.94. அதே பிரேக், அதே ரோடு, மேல் ஜாயின்ட்டில் சுமை மட்டும் 13 சதவீதம் கூடுதல்! கீழ் ஜாயின்ட்டுக்கு இது 1.83 மடங்கிலிருந்து 1.94 ஆகிறது. வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசைக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது வீல் பேரிங். டயர் பாடியில் உரசக் கூடாது என்று வெளியே தள்ளி நிற்கிற ரிம்மைப் போடுகிறார்கள். நெம்புகோல் நீளமாகிறது, பேரிங் மேல் சுமை ஏறுகிறது. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று டிசைன் பாடத்தில் படிக்கிறோம். சுமை 10 சதவீதம் ஏறினால் ஆயுள் 10 சதவீதமா குறையும்? இல்லை. கால்வாசி போய்விடும்.

வண்டியைத் தூக்கியதால் வருகிற தொல்லை தனி. ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கின்றன. பால் ஜாயின்ட் எப்போதும் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது. டை ராடின் கோணம் மாறுவதால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கிறது. ஃபோர் வீல் டிரைவ் என்றால் சி.வி. ஜாயின்டின் ரப்பர் கவர் சீக்கிரம் கிழியும். டயரின் கூடுதல் எடையை ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர்தான் அடக்கியாக வேண்டும். அதோடு, மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ல் போகும். பிரேக்கையோ யாரும் பெரிதாக்குவதில்லை!

இது யார் தலையில் விடிகிறது தெரியுமா? போன விடுமுறையில் ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். தூக்கிக் கட்டிய பிக்கப் ஒன்று முன்பக்கம் 'கடகட' சத்தத்தோடு வந்தது. சில மாதம் முன்புதான் மேல் பால் ஜாயின்ட் மாற்றியிருந்தார்கள். மறுபடியும் ஆட்டம். "டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டீங்க" என்று வண்டிக்காரர் கத்தினார். முதலாளி அந்தச் செலவை மெக்கானிக் அண்ணன் சம்பளத்தில் பிடித்தார். டயரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வண்டிக்காரர்கிட்ட பேசியிருப்பேனே தம்பி" என்றார்.

அண்ணன் எட்டாவதோடு நின்றவர். எங்கள் வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு ஓட்டுகிறார். "அச்சு தாங்குமான்னு பாத்துத்தான்டா மூட்டை ஏத்தணும்" என்பார். மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை அவர் பள்ளியில் படித்ததில்லை, ரோட்டில் படித்தார். இவர்களுக்கெல்லாம் வேலை தெரியும். அந்த வேலைக்குச் சாட்சியாக நிற்கிற கணக்கு நமக்குத்தான் தெரியும்.

அப்படியானால் பெரிய டயரே கூடாதா என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்து நாட்டில் ஆர்க்டிக் டிரக்ஸ் என்ற நிறுவனம் ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 38 இன்ச் டயர் போடுகிறது. பனியில் புதையாமல் போக அங்கே அது தேவை. ஆனால் அவர்கள் டயரோடு நிறுத்துவதில்லை. பாடியை வெட்டி, சஸ்பென்ஷனையும் கியர் விகிதத்தையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். முழு வண்டிக்கும் கணக்குப் போட்டுச் செய்கிற வேலை அது. நம் ஊர் தார் ரோட்டில் ஸ்பேசரும் டயரும் மட்டும் போட்டுவிட்டு அதோடு ஒப்பிடலாமா?

சட்டமும் சும்மா இல்லை. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மீறுகிற சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் பட்டறையிலும் சர்வீஸ் சென்டரிலும் நிற்கப் போகிறோம். "பெரிய டயர் மாட்டு" என்று ஒருவர் வருவார், "மாட்டிக் கொடு, காசு வருதில்ல" என்று முதலாளியும் சொல்வார். அப்போது ஒரு தாளை எடுத்து 250-ஐயும் 282-ஐயும் எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. கேட்கிறவர் கேட்கட்டும், கேட்காதவர் போகட்டும். ஜாயின்ட் தேய்ந்து வருகிற அன்றைக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கிற அண்ணன் திட்டு வாங்க மாட்டார், சம்பளத்தையும் இழக்க மாட்டார். நம் டிப்ளமோவுக்கு அந்த அளவுக்காவது மதிப்பு வேண்டாமா?